19 சீட் ஜெயிச்சு, ரெண்டே வருஷத்துல காணாமப்போன கட்சி: தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் என் பழைய போன்ல கிடந்த ஒரு ஆடியோ ஃபைல். 11 நிமிஷம். அதுல பாதிக்கு மேல ஃபேன் சத்தம். நடுவுல யாரோ கோழியை விரட்டுறாங்க. மிச்சம் இருக்கிறதுல என் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவோட அண்ணன், தான் போட்ட முதல் ஓட்டைப் பத்திப் பேசுறார்.

ரெக்கார்ட் பண்ணது 2018ல. நான் காலேஜ் கடைசி வருஷம். எங்க ஊர் மயிலம் பக்கம். சென்னையில இருந்து ஜிஎஸ்டி ரோட்டுல வந்தா திண்டிவனம் தாண்டி கூட்டேரிப்பட்டு. அங்க பாண்டிச்சேரி ரோட்டுல திரும்பினா மலைமேல முருகன் கோயில் தெரியும். அதான் மயிலம். பங்குனி உத்திரத்துக்கு வந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லன்னா பைபாஸ்ல தூங்கிக்கிட்டே கடந்து போயிருப்பீங்க.

எலெக்‌ஷன் பத்தி எதோ பேச்சு வந்தப்ப நான் கேட்டேன், "தாத்தா, நீங்க ஃபர்ஸ்ட் ஓட்டு யாருக்குப் போட்டீங்க?" திமுகன்னு சொல்வார், இல்லன்னா காங்கிரஸ்னு சொல்வார்னு எதிர்பார்த்தேன். அவர் சொன்னது, "ஒழைப்பாளர் கட்சிக்கு."

நான் அப்படி ஒரு கட்சியைக் கேள்விப்பட்டதே இல்லை. நானும் திண்டிவனத்துல படிச்சவன்தான். சுவத்துல எழுதின கட்சிப் பேரைப் படிச்சுத்தான் தமிழ் எழுத்துக்கூட்டவே கத்துக்கிட்டேன். இந்தப் பேரு எந்தச் சுவத்துலயும் இல்லை.

சின்னம் என்னன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னது எனக்கு அப்ப புரியல. "சின்னம்லாம் நெனப்பு இல்லப்பா. மூணாவது பொட்டி."

பொட்டின்னா என்னன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1952ல நடந்தது சுதந்திர இந்தியாவோட முதல் பொதுத்தேர்தல். அப்ப வாக்குச்சீட்டுல முத்திரை குத்துற வழக்கம் கிடையாது. மறைவுக்குள்ள ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி பெட்டி இருக்கும். பெட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். நீங்க சீட்டை வாங்கிட்டு உள்ள போய் உங்களுக்குப் பிடிச்சவர் பெட்டியில போட்டுட்டு வரணும், அவ்வளவுதான். பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத நாடு, அதுக்கு ஏத்த ஏற்பாடு. அதனால என் பெரிய தாத்தா ஞாபகத்துல ஒரு கட்சி ஒரு பெட்டியா தங்கியிருக்கு. மூணாவது பெட்டி.

சரி, அந்தப் பெட்டி எவ்வளவு நிரம்பிச்சுன்னு பார்ப்போம்.

அப்போ சென்னை மாகாணம்னா இன்னைக்கு இருக்கிற தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்து 375 பேர் இருக்கிற சட்டசபை. அதுல தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி ஜெயிச்சது 19 இடம். கிட்டத்தட்ட எல்லாமே அன்னைய தென்னாற்காடு மாவட்டத்தையும் அதைச் சுத்தியும். இன்னைக்குக் கணக்குல கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. இது இல்லாம மக்களவைக்கு 4 பேர். கட்சி ஆரம்பிச்சது 1951ல, தேர்தல் நடந்தது 1952 ஜனவரியில. நம்ம ஆளுங்க ஒரு ஆப் ரிலீஸ் பண்ணவே அதைவிட நாளாக்குவாங்க.

பக்கத்துலயே இவங்களுக்கு ஒரு அண்ணன் கட்சி மாதிரி ஒண்ணு இருந்துச்சு: காமன்வீல் கட்சி. வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கம். தலைவர் எம்.ஏ. மாணிக்கவேல் நாயக்கர். அவங்களுக்குச் சட்டசபையில 6, மக்களவையில 3. உழைப்பாளர் கட்சியோட தலைவர் கடலூர்க்காரர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி. 1918ல பிறந்தவர். அந்தத் தேர்தல் நேரத்துல அவருக்கு 33 வயசு. என்னைவிட நாலஞ்சு வயசுதான் பெரியவர். நான் இன்னும் என் டீம்ல லீட் கூட ஆகல.

இந்த ரெண்டு கட்சிக்கும் அடித்தளம் வன்னியர்கள். இதை மறைச்சுப் பேசுறதுல அர்த்தமே இல்லை. அன்னைக்கு வன்னியர் சங்கத்துக்காரங்க எடுத்த முடிவு இதுதான்: இனிமே காங்கிரஸ்கிட்ட சீட்டு கேட்டு நிக்க வேண்டாம், நாமே நிப்போம். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப்னு ரெண்டு அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள், கணவன் மனைவி, இதைப் பத்தி 1960ல ஒரு கட்டுரை எழுதினாங்க. சாதிச் சங்கம்ங்கிறது பழசோட மிச்சம் இல்லை, ஓட்டு அரசியலுக்குள்ள மக்கள் நுழையுற ஒரு புது வாசல்னு அவங்க வாதம். உலகம் முழுக்க அரசியல் படிக்கிற பசங்க அந்தக் கட்டுரையைப் படிக்கிறாங்க. அதுல வர்ற முக்கியமான உதாரணம் நம்ம திண்டிவனம், கடலூர் பக்கத்து ஆளுங்க. நமக்குத்தான் தெரியல.

ஆனா அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்துச்சு? இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1947 மார்ச்சுல இருந்து 1949 ஏப்ரல் வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதல்வரே திண்டிவனம் பக்கத்து ஆளு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். இன்னைக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டம்னு சொல்றோமே, அந்த ஓமந்தூர் நம்ம ஊர்ப்பக்கம்தான். நேர்மையான மனுஷன்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க. சுதந்திரம் வந்தப்ப நாற்காலியில இருந்தவர் உங்க மாவட்டத்துக்காரர். ஆனா அடுத்த தேர்தல்லயே அந்த மாவட்டம் காங்கிரஸுக்கு எதிரா திரும்புது.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். தஞ்சாவூர்ல மாதிரி ஆயிரக்கணக்கான ஏக்கர் மிராசு இங்க பெருசா கிடையாது. இங்க ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர். ஏரி நிறைஞ்சா நெல்லு, இல்லன்னா மானாவாரியில மல்லாட்டை. மெட்ராஸ்காரங்க வேர்க்கடலைன்னு சொல்றதுதான். மணிலான்னும் சொல்வாங்க. அந்த மல்லாட்டை வெள்ளைக்காரன் காலத்துல பாண்டிச்சேரி வழியா கப்பலேறி பிரான்ஸ் வரைக்கும் போயிருக்கு. மார்செய் துறைமுகத்துல அதை ஆட்டி எண்ணெயெடுத்து சோப்பு பண்ணியிருக்காங்க. எங்க தாத்தா காட்டுல விளைஞ்சது ஃப்ரான்ஸ் வரைக்கும் போயிருக்கு, தாத்தா கடலூர் தாண்டல. விலையை முடிவு பண்றவன் வேற, கடன் கொடுக்கிறவன் வேற, தாலுகா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன் வேற. எண்ணிக்கையில நீங்க அதிகம், ஆனா நாற்காலியில உங்க ஆளு யாருமே இல்லை.

அதோட 1951ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. வகுப்புவாரி உரிமை அரசாணையை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு, செண்பகம் துரைராஜன் வழக்கு. தமிழ்நாட்டுல பெரிய போராட்டம் வெடிச்சு, அரசியல் சட்டத்துல முதல் திருத்தமே வந்துச்சு. அதுக்கப்புறம் மாநிலத்துல பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம்னு ஆச்சு. படிப்பு, வேலை, யாருக்கு எவ்வளவுன்னு பேச்சு சூடா இருந்த வருஷம். அந்த வருஷத்துலதான் இந்தக் கட்சி பிறக்குது.

இப்ப நீங்க கேப்பீங்க, இது சாதிக் கட்சிதானே, இதை ஏன் இடதுசாரி சீரிஸ்ல கொண்டுவர்றன்னு.

நியாயமான கேள்வி. நானும் ரெண்டு வாரம் இதுலயே மாட்டிக்கிட்டு இருந்தேன். இது கம்யூனிஸ்ட் கட்சி இல்லை. மார்க்ஸ் படிச்சவங்க ஆரம்பிச்ச கட்சியும் இல்லை. ஆனா ஒரு சாதிச் சங்கம் கட்சியாகணும்னு முடிவெடுத்தப்ப, பேருக்காக அவங்க கையில எடுத்த சொல் என்ன பாருங்க. குலம் இல்லை, க்ஷத்திரியர் இல்லை. அந்தச் சொல் சங்கத்துப் பேருல ஏற்கனவே இருந்துச்சு, அதை அப்படியே தூக்கியிருக்கலாம். 'உழைப்பாளர்'னு வச்சாங்க. அம்பேத்கர் 1936ல பம்பாயில கட்சி ஆரம்பிச்சப்ப சுதந்திரத் தொழிலாளர் கட்சின்னு பேர் வச்சார். 1942ல அதைக் கலைச்சுட்டுப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு ஆரம்பிச்சார். அங்க வர்க்கத்துல தொடங்கி சாதிக்குப் போனாங்க, இங்க சாதியில தொடங்கி வர்க்கத்தோட வாசல்ல வந்து நின்னாங்க. உள்ள போனாங்களாங்கிறதுதான் கேள்வி.

ஒரு காலை உள்ள வச்சாங்க. அந்தக் கதைக்கு வர்றேன். இதுதான் இந்த எபிசோட்லயே எனக்குப் பிடிச்ச பகுதி.

1952 ரிசல்ட் வந்தப்ப காங்கிரஸுக்கு 152. மொத்தம் 375ல பாதிக்கு மேலன்னா 188 வேணும். 36 கம்மி. முதல்வரா இருந்த குமாரசாமி ராஜாவே தோத்துட்டார். கம்யூனிஸ்ட்டுகளுக்கு 62, பிரகாசத்தோட கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35. எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணின்னு ஒண்ணு அமைச்சாங்க. ஆந்திர கேசரி டி. பிரகாசம் தலைவர். கம்யூனிஸ்ட்டுகள்தான் அதுல பெரிய சக்தி. அந்த முன்னணியில உழைப்பாளர் கட்சியும் இருந்துச்சு, காமன்வீலும் இருந்துச்சு. எங்க பக்கம் 166 பேர்னு சொல்லி ஆட்சியமைக்க உரிமை கேட்டாங்க.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. கேரளாவுல ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு வந்தது 1957ல. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, சென்னையில கம்யூனிஸ்ட்டுகள் பங்குபெறுற ஒரு அரசு வர்ற நிலைமை. அதுக்குள்ள நம்ம மல்லாட்டைக் காட்டு எம்.எல்.ஏக்கள் 19 பேர்.

டெல்லிக்கு இது பிடிக்கல. காங்கிரஸ் ராஜாஜியைக் கூப்பிட்டுச்சு. அவர் இந்தியாவோட கவர்னர் ஜெனரலா இருந்துட்டு வந்தவர், எழுபது வயசைத் தாண்டியவர், தேர்தல்ல நிக்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேலவைக்கு நியமன உறுப்பினரா போட்டார். 1952 ஏப்ரல் 10 அன்னைக்கு அவர் முதல்வர். ஜனநாயகம் பத்தி நமக்குப் பாடம் எடுக்கிறவங்க இந்த ஒரு வாரத்தைக் கொஞ்சம் வேகமாத்தான் தாண்டிப் போவாங்க.

ராஜாஜி கணக்குப் போட்டார். 36 பேர் வேணும், எங்க இருக்காங்க? மாணிக்கவேல் நாயக்கருக்கு வருவாய்த் துறை அமைச்சர் பதவி. காமன்வீல் ஆறு பேர் இந்தப் பக்கம். உழைப்பாளர் கட்சிக்கு மந்திரி பதவி இல்லை, ஆனா அவங்களும் வெளியில இருந்து ஆதரவுன்னு வந்துட்டாங்க. முஸ்லிம் லீக், சுயேச்சைகள், எதிரணியில இருந்து பிச்சு எடுத்தவங்கன்னு ஒவ்வொண்ணா சேர்த்து, ஜூலை 3 நம்பிக்கை வாக்கெடுப்புல 200க்கு 151ன்னு ஜெயிச்சார்.

இந்த 25 பேர், 19ம் 6ம், அந்தப் பக்கமே நின்னிருந்தா? எண்ணிப் பாருங்க. 200ல 25 போனா 175. அந்தப் பக்கம் 151ம் 25ம் 176. ஒரு ஓட்டு. நான் இதை மூணு தடவை கூட்டிப் பார்த்தேன். அரசியல்ல இப்படி ஒரு நம்பரை மட்டும் மாத்திட்டு மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கும்னு நினைக்கக் கூடாது, தெரியும். ராஜாஜி வேற எங்கேயாவது பிடிச்சிருப்பார். இருந்தாலும், மூணாவது பெட்டிக்கு அவ்வளவு கனம் இருந்துச்சுங்கிறதைச் சொல்லாம போக முடியல.

அடுத்த ரெண்டு வருஷத்தை வேகமா தாண்டுறேன். ராஜாஜியோட கல்வித் திட்டம், அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பா தொழில். குலக்கல்வின்னு பேர் வாங்கி, எதிர்ப்பு கிளம்பி, அவர் விலக வேண்டியதாச்சு. 1954 ஏப்ரல் 13 காமராஜர் முதல்வர். எட்டுப் பேர்தான் அமைச்சரவை. அந்த எட்டுல ராமசாமி படையாட்சி ஒருத்தர், உள்ளாட்சித் துறை. மாணிக்கவேல் நாயக்கர் வருவாய்த் துறையில தொடர்றார். ரெண்டு கட்சியும் காங்கிரஸுல கரைஞ்சுடுச்சு.

அவ்வளவுதான். கட்சி முடிஞ்சது. தோத்து முடியல, தடை பண்ணி முடியல. எட்டுல ஒரு நாற்காலியில முடிஞ்சுது.

எங்க ஃபீல்டுல இதுக்கு ஒரு பேர் உண்டு, அக்வி-ஹயர். ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பைப் பெரிய கம்பெனி வாங்கும். வாங்குறது ப்ராடக்டுக்காக இல்லை. ஃபவுண்டரை உள்ள எடுத்துக்கிட்டு, அவருக்கு ஒரு நல்ல பதவி கொடுத்துட்டு, ப்ராடக்டை மூடிடுவாங்க. யூஸர்களுக்கு ஒரு மெயில் வரும். 'இத்தனை நாள் எங்களோட இருந்ததுக்கு நன்றி.' என் பெரிய தாத்தாவுக்கு அந்த மெயிலும் வரல.

ஆடியோவுல ஏழாவது நிமிஷம் இப்படிச் சொல்றார், அப்படியே எழுதுறேன்: "ஜெயிச்சாரு. மேளம்லாம் அடிச்சோம். அப்புறம் ஒருநாளு கட்சியே இல்லன்னுட்டாங்க. காங்கிரஸ்ல சேந்தாச்சின்னு. நம்மள யாரு கேட்டாங்க?" கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம். "மந்திரியானாரு. அது வரிக்கும் சந்தோசந்தான்."

அந்தக் கடைசி வரியை நான் முதல்ல எடிட்ல வெட்டிட்டேன். ஏமாத்தப்பட்ட வாக்காளர்னு கதை நேரா போகும்ல, அதுக்காக. அப்புறம் திரும்பச் சேர்த்தேன். ஏன்னா அவருக்கு அந்தச் சந்தோஷம் உண்மை. அதுவரைக்கும் தன் ஜாதிப் பேர் உள்ள ஒருத்தர் கோட்டையில உக்காந்து அவர் பார்த்ததில்லை. அதை நான் இப்ப சென்னையில உக்காந்து அரசியல் முதிர்ச்சி இல்லைன்னு சொல்றது அசிங்கம்.

ஆனா படையாட்சி செஞ்சது சரியான்னு கேட்டா, எனக்கு இல்லைன்னுதான் தோணுது. மந்திரி ஆனது தப்புன்னு சொல்லல. கட்சியை வச்சுக்கிட்டே கூட்டணியில சேர்ந்து மந்திரி ஆகியிருக்கலாம். கட்சியைக் கலைச்சதால பேரம் பேசுற கை போயிடுச்சு. அது எவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது பாருங்க: 1957 தேர்தலுக்கு அப்புறம் காமராஜர் அமைச்ச அமைச்சரவையில அவர் பேர் இல்லை. உள்ளாட்சித் துறை லூர்தம்மாள் சைமனுக்குப் போச்சு. மூணு வருஷம்தான். பின்னாடி அதே கட்சிக்கு மறுபடி உயிர் கொடுக்க முயற்சி பண்ணார், பழைய வெற்றி திரும்பல. வீட்டைக் காலி பண்ணிட்டுத் திரும்பி வந்தா, அங்க வேற ஆளுங்க குடியிருக்காங்க.

அந்த வேற ஆளுங்க யாருன்னா, திமுக. 1952ல திமுக தேர்தல்ல நிக்கல. தங்களோட கோரிக்கைக்கு ஆதரவா உறுதிமொழி கொடுத்த வேட்பாளர்களுக்கு வேலை மட்டும் செஞ்சாங்க. உழைப்பாளர் கட்சிக்கும் காமன்வீலுக்கும் அந்த ஆதரவு கிடைச்சுது. ஊர் ஊரா கூட்டம் போட்டுக் கொடுத்தது திமுக பேச்சாளர்கள். ஜெயிச்சவங்க காங்கிரஸ் பக்கம் போனதும் திமுகவுக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்னு பாருங்க. ஆனா நஷ்டம் இல்லை. அந்த கிராமங்களுக்கு வழி தெரிஞ்சுபோச்சு.

ஒருத்தர் மட்டும் காங்கிரஸ் பக்கம் போகல. விக்கிரவாண்டியில ஜெயிச்ச ஏ. கோவிந்தசாமி. 1957ல திமுக முதல்முறையா தேர்தல்ல நின்னப்ப அவங்களோட வளவனூர்ல ஜெயிச்சார். 1967ல அண்ணா அமைச்சரவையில வேளாண்மைத் துறை அமைச்சர். திமுகவோட உதயசூரியன் சின்னமே அவர்கிட்ட இருந்து வந்ததுன்னு திமுக தலைவர்களே மேடையில சொல்வாங்க. அடுத்த தடவை எங்கேயாவது சுவத்துல உதயசூரியனைப் பார்த்தா, அதுல விக்கிரவாண்டி வெயில் கொஞ்சம் இருக்குன்னு நினைச்சுக்கோங்க.

இன்னொரு தகவல், இது எனக்கே ஆச்சரியம். 1952ல திண்டிவனத்துல இருந்து மக்களவைக்குப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர் திருக்குறளார் வீ. முனுசாமி. ஆமா, ஊர் ஊரா குறள் சொல்லி ஜனங்களைச் சிரிக்க வச்ச அதே திருக்குறளார்தான். ஏன் ரெண்டு பேர்னா, அப்ப சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பொது, ஒரு இடம் பட்டியல் சாதியினருக்கு. வாக்காளருக்கும் ரெண்டு ஓட்டு. திண்டிவனத்துல அந்த ரெண்டாவது உறுப்பினர் ஏ. ஜெயராமன்.

இங்க நிறுத்தி ஒரு விஷயம் சொல்லணும். இந்த எபிசோட் முதல்ல இப்படி இல்லை. ஸ்கிரிப்ட் முடிச்சுட்டு என் ஆபீஸ் தோழி ஒருத்திகிட்ட படிக்கக் கொடுத்தேன். அவளுக்கு மரக்காணம் பக்கம் ஊர். நான் ஊர்த்தெரு, அவ காலனி. படிச்சுட்டு அவ ரெண்டு வரி மெசேஜ் அனுப்பினா. "உங்க தாத்தாவ கட்சியைக் கலைக்கும்போது யாரும் கேக்கல. எங்க ஆயாவ ஆரம்பிக்கும்போதே யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

நான் உடனே டிஃபென்ஸுக்குப் போனேன். ஜெயராமன் இருக்காரே, தனி இடத்துல அவங்க ஆள் ஜெயிச்சிருக்காரேன்னு. அதுக்கு அவ, "அது சட்டம் சேத்து வச்ச ஜோடிடா"ன்னா.

பதில் இல்லை. உழைப்பாளர்னு பேர் வச்சா, தென்னாற்காட்டுல நிலமே இல்லாம அடுத்தவன் வயல்ல இறங்கின உழைப்பாளர் யாருன்னு முதல்ல எண்ணணும். அந்தக் கணக்குல முன்வரிசையில வர்றது காலனி. என் பெரிய தாத்தாவுக்கு ரெண்டரை ஏக்கர் இருந்துச்சு. அறுவடைக்கு ஆள் கூப்பிட்டது எந்தத் தெருவுல இருந்துன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு தெருவும் ஒண்ணா விழுந்திருந்தா, காங்கிரஸால அதை விலை பேசியிருக்க முடியுமா? பக்கத்துக் கடலூர் தொகுதியையே எடுத்துக்கோங்க. பொது இடத்துல உழைப்பாளர் கட்சியோட கோவிந்தசாமி கச்சிராயர், தனி இடத்துல காங்கிரஸோட எல். இளையபெருமாள். பின்னாடி தீண்டாமை பத்தி நாடு முழுக்க விசாரிச்சு 1969ல அறிக்கை கொடுத்த குழுவோட தலைவர் அவர்தான். ஒரே தொகுதி, ஒரே நாள், ரெண்டு ஓட்டு. அந்த மாதிரி ஒரு ஆள் உழைப்பாளர்னு பேர் வச்ச கட்சியில இல்லாம எதிர்க்கட்சியில இருந்தார். கட்சி விழுந்தது 1954லன்னு நான் எழுதியிருந்தேன். விரிசல் பேர் வைக்கும்போதே இருந்துச்சுன்னு இப்ப நினைக்கிறேன்.

எனக்கும் இதுல பங்கு இருக்கு. என் இன்ஜினியரிங் சீட் எம்பிசி கோட்டாவுல வந்தது. அந்த 20 சதவீதம் சும்மா வரல. படையாட்சியும் மாணிக்கவேலும் கரைஞ்சதுக்கு அப்புறம் முப்பது வருஷம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருந்தும் கடைசி வரிசைதான்னு வன்னியர்களுக்குள்ள ஒரு குறை. 1980ல திண்டிவனத்து டாக்டர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தை ஆரம்பிக்கிறார். 1987 செப்டம்பர்ல ஒரு வாரம் சாலை மறியல். நான் பஸ்ல வந்துபோற அதே ஜிஎஸ்டி ரோடு. 21 பேர் செத்தாங்க. விழுப்புரம் வழுதரெட்டியில அவங்களுக்கு 2025 ஜனவரியில மணிமண்டபம் திறந்தாங்க, பக்கத்துலயே ஏ. கோவிந்தசாமிக்கு நினைவரங்கமும். 1989ல கலைஞர் ஆட்சியில மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்துச்சு. அதே வருஷம் ஜூலைல பாமக. கொடியில நீலம், மஞ்சள், சிவப்பு. ஆரம்பத்துல அம்பேத்கர், பெரியார், மார்க்ஸ் படம் எல்லாம் வச்சாங்க. பழைய ஆசை மறுபடி எட்டிப் பார்க்குது பாருங்க. அப்புறம் என்ன ஆச்சு, தருமபுரி, மரக்காணம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அது தனி எபிசோட், இதுல சேர்க்க மாட்டேன். 2021ல 10.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு, 2022 மார்ச் 31 உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு உறுதி பண்ணிடுச்சு. 1951ல கோர்ட்ல தொடங்கின பேச்சு, இன்னும் கோர்ட்லதான் இருக்கு.

படையாட்சி கடைசியில என்ன ஆனார்னு கேப்பீங்க. 1980லயும் 1984லயும் திண்டிவனம் எம்.பி., காங்கிரஸ் சார்பா. 1992ல இறந்துட்டார். கடலூர்ல அவருக்கு மணிமண்டபம் இருக்கு, 2019ல எடப்பாடி பழனிசாமி திறந்தார். பிறந்தநாள் அரசு விழா. மாணிக்கவேல் நாயக்கர் மேலவைத் தலைவரா 1970 வரைக்கும் இருந்தார். தலைவர்களுக்குச் சிலை, மண்டபம் எல்லாம் வந்துடுச்சு. கட்சிக்கு எதுவும் இல்லை. 1952 ஜனவரியில வரிசையில நின்ன ஆளுங்கள்ல இன்னைக்கு உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் தொண்ணூறைத் தாண்டினவங்க.

என் பெரிய தாத்தா 2020ல தவறிட்டார். அதனால நான் கேக்க விட்ட கேள்வி அப்படியே நிக்குது. அறுவடைக்கு வந்த ஆளுங்களும் அன்னைக்கு அதே வரிசையில நின்னாங்களா, எந்தப் பெட்டியில போட்டாங்கன்னு அவருக்குத் தெரியுமா? கேட்டிருந்தா சொல்லியிருப்பார், மறைக்கிற ஆள் இல்லை. தோழியோட ஆயா இருக்காங்க. மார்கழி முடிஞ்சு பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கா. "அவங்க பேசுவாங்களான்னு தெரியல, பேசினா நீ எடிட் பண்ணக்கூடாது"ன்னு கண்டிஷன். ஒத்துக்கிட்டேன்.

உங்க வீட்டுல, தெருவுல 1952ல ஓட்டுப் போட்டவங்க யாராவது இருந்தா இந்த வாரமே போனை எடுத்துட்டுப் போய் உக்காருங்க. ஃபேனை மட்டும் அணைச்சுடுங்க, தயவுசெஞ்சு.

ஆடியோவோட கடைசி இருபது செகண்ட் இப்ப ப்ளே பண்றேன். நான் கேக்குறேன், "மறுபடி அந்தக் கட்சி வந்தா ஓட்டுப் போடுவீங்களா தாத்தா?" அவர் சிரிக்கிறார். "பொட்டி எங்கடா இருக்கு இப்ப? பட்டன் தானே." அப்புறம், "போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு, போ."